திரும்பி நுழையும் வீடு

சவப்பெட்டியின் முன்பாதி வீட்டுக்குள் வந்துவிட்டது. பின்பாதி மழைக்குள் நின்றது. தூக்கி வந்த ஆறு பேரும் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

கதவைத் திறந்தவுடன் சுவர். இடப்பக்கம் திரும்பி நாலடி நடந்து, மறுபடி வலப்பக்கம் திரும்பினால்தான் முன்னறை. லண்டன் ஹவுன்ஸ்லோவில் அந்தத் தெருவில் வேறு எந்த வீடும் இப்படி இல்லை. ஆறு வருடங்களுக்கு முன்பு சிவானந்தன் தன் கையால் கட்டிய சுவர். சோபா அதற்கு முன்பே வந்துவிட்டது. பிரிஜ் நின்றபடியே திரும்பியது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சிவானந்தனும் சக்கர நாற்காலியில் இருந்தபடியே திரும்பிப் போனார். அந்த வீட்டுக்குள் படுத்தபடி வர இதுவரை யாருக்கும் தேவைப்படவில்லை.

நிமிர்த்தினால் கொண்டுபோகலாம் என்று இறுதிச்சடங்கு நிறுவனத்துக் கறுப்புக் கோட்டுக்காரர் தாழ்ந்த குரலில் சொன்னார். வசந்தமலர் தலையசைத்து மறுத்தாள். கணவரை நிற்க வைத்து வீட்டுக்குள் கொண்டுவர அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டி மறுபடி காருக்குள் போனது. தகனசாலையில் ஒரு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். இப்போது பதினொன்று.

சிவானந்தனின் தம்பி செல்வரத்தினம் தெருவில் நின்ற தன் வான் வண்டியிலிருந்து பெரிய சுத்தியலோடு வந்தார்.

"மெல்லிய அரைக்கல்லுச் சுவர்தானே அண்ணி. அரை மணித்தியாலத்திலை விழுத்திப்போடுவன். அண்ணை ஒருக்கா வீட்டுக்கை வந்திட்டுப் போகட்டும்."

அவள் சுவரில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

சிவானந்தன் படவரைஞர். தூனிசியாவில் பழைய வில்லாக்களை அளந்து வரையும் ஒரு நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை செய்தார். அவள் அங்கே போனதில்லை. முதலில் யாழ்ப்பாணத்துக்கும், பிறகு மகள் கிரிஜாவோடு அவள் வந்து சேர்ந்த லண்டனுக்கும், கடிதங்களோடு வரைபடங்கள் வந்தன. லா மார்சா கடற்கரையில் இருந்த ஒரு வெள்ளை வில்லாவைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். ஷிப்ட் முடிந்து வந்து அவள் அந்தக் கோடுகளின் மேல் விரலை வைத்து நடப்பாள். நீலக் கதவு. இருட்டு நடை. ஒரு திருப்பம். இன்னொரு திருப்பம். திடீரென்று வெளிச்சம். நாலு பக்கமும் தூண்கள், நடுவில் ஆரஞ்சு காய்த்த ஒரு தோடை மரம், கூரை இருக்கவேண்டிய இடத்தில் வானம். மழை பெய்தால் வீட்டுக்கு நடுவிலேயே பெய்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அவள் நினைப்பில் அந்த வெளிச்சத்தில் அவர் எப்போதும் குந்தியிருப்பார், கையில் அளவு நாடாவின் ஒரு முனை. மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்பது எவ்வளவு தூரம் நடந்தாலும் அவளுக்குத் தெரிந்ததில்லை.

அவர் லண்டனுக்கு வந்து இந்தச் சுவர் கட்டிய நாட்களில் மறுமுனையை அவள்தான் பிடித்தாள்.

"இறுக்கிப் பிடியும், மலர்," என்றார் அவர். "வாறவன் ஒருக்காத் திரும்பித்தான் வரவேணும். தெருவிலை கொண்டு திரியிற முகத்தோடை வீட்டுக்கை வரப்படாது."

அவ்வளவு பேச்சு அவரிடமிருந்து வந்தது அந்த வாரம்தான். அதன் பிறகு வீடு இருண்டது. வந்தவர்கள் எல்லாம் சிவானந்தண்ணை லண்டனிலும் ஷெல்லுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிவிட்டார் என்று சிரித்தார்கள். அவள் அவரோடு சண்டை பிடித்தாள்.

"சுவரிலை கை வையாதை, தம்பி," என்றாள் வசந்தமலர் இப்போது.

"நீங்கள்தானே இதை இடி இடியெண்டு நிண்டனீங்கள்."

சுத்தியல் செல்வரத்தினத்தின் கையில் கனத்தது. வாசலில் மழை கேட்டது. அவள் சுவரிலிருந்து கையை எடுத்து, "பியற்றிஸ் அக்காவின்ரை பக்கத்தாலை கொண்டு வாங்கோ," என்றாள். "வேலிப் பலகையைக் கழட்டினால் ஏலும்."

பக்கத்து மூலை வீட்டு பியற்றிஸ் ஏற்கெனவே தன் தோட்டக் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். ரோசாக் கன்றுகள் மிதிபடுமே என்று யாரோ தயங்கியபோது, "மிதிபடட்டும். அது பிறகும் பூக்கும்," என்றாள்.

பலகைகள் கழன்றன. பெட்டி வேலியைத் தாண்டி வந்தது. சமையலறைக் கதவின் அகலத்தைக் கிரிஜா கையால் அளந்து பார்த்தாள்.

"உள்ளுக்கு வேண்டாம் பிள்ளை," என்றாள் வசந்தமலர். "முற்றத்திலை வைக்கட்டும்."

பின்பக்கத்துச் சீமெந்துத் தரையைச் சிவானந்தன் மட்டுமே முற்றம் என்று சொல்லிவந்தார். தெற்கே தலை வைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். நாலு பக்கமும் ஆட்கள், நடுவில் அவர், மேலே சதுரமாகச் சாம்பல் வானம். தாழப் பறந்த விமானம் ஒன்று அதைக் கடந்து போனது. கறுப்புக் கோட்டுக்காரர் அவருடைய முகத்துக்கு மேல் குடை பிடித்தார். வாய்க்கரிசி போட்டு முடிந்ததும் அவள் குடையின் விளிம்பைத் தொட்டு மெல்ல விலக்கினாள். அவர் புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார். கொஞ்ச நேரம் மழை பெய்தது.

ஆண்கள் தகனசாலைக்குப் போன பிறகு கிரிஜா வீடு கழுவத் தொடங்கினாள். வசந்தமலர் சமையலறைப் படியில் இருந்தாள். பியற்றிஸ் வேலி இடைவெளியால் தேநீரோடு வந்து, கேட்காமலே பக்கத்தில் இருந்தாள். கழுவிய தண்ணீர் படியால் இறங்கி வந்தபோது இருவரும் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள். சப்பாத்துத் தடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, தண்ணீர் அடுத்த வீட்டுப் புல்லுக்குள் போனது.