சாப்டீங்களா என்று ஒரு கேள்வி

வைஜெயந்திக்கு அன்றைக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. மரக்காணத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டுக்கு அவள் ஒருத்திதான். கூட வரவேண்டிய நர்ஸ் லீவு. வாங்கி வைத்த டீ ஆறி, ஆடை கட்டி, கடைசியில் சிங்க்கில் போயிற்று. நர்சிங் சூப்பரின்டெண்ட் சகாயமேரியின் அறை வாசலில் போய் நின்று, "மேடம், கொஞ்சம் உக்காந்து சாப்ட்டு வந்துடறேன்" என்று கேட்டும் பார்த்தாள்.

"வார்டை யாரும்மா பாக்கறது? ஆள் இல்லியே" என்றார் சகாயமேரி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல். எதைக் கேட்டாலும் அங்கே இந்தப் பாட்டுதான்.

மதியம் எல்லாம் தள்ளிப்போயிற்று. ஒரு கட்டிலில் டிரிப் நின்றுவிட்டது, இன்னொன்றில் வாந்தி, வாசலில் புது அட்மிஷன். ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வெயிலில் வெளேரென்று கண்ணைக் குத்தியது. இன்சுலினோடு அரசப்பன் கட்டிலுக்கு அவள் ஓடியபோது சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. உப்பளத் தொழிலாளி, சர்க்கரைக்காரர், கால் புண் ஆறாமல் வந்து படுத்திருந்தார்.

"ஐயா, சாப்டீங்களா?"

"ஆச்சும்மா."

ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.

நம்மூரில் அது ஒரு கேள்வியா என்ன? பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், பேங்க் வரிசையில் கேட்பார்கள். வயிறு காய்ந்து கிடந்தாலும் ஆச்சு என்றுதான் சொல்லவேண்டும். இல்லை என்றால் கேட்டவரிடம் சோறு கேட்டது மாதிரி ஆகிவிடும். இது தெரிந்துதான் வைஜெயந்தி மற்ற நாள்களில் "என்ன சாப்டீங்க, எவ்ளோ சாப்டீங்க" என்று துருவுவாள். இன்ஸ்பெக்டரம்மா என்று நோயாளிகளே கிண்டல் செய்வார்கள். அன்றைக்கு அந்த இரண்டாவது கேள்வி அவள் வாயில் வரவேயில்லை.

அரசப்பனின் மனைவி தெய்வநாயகி டிபன் கேரியரோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். நேரே கட்டிலுக்குப் போனவள் திரும்பி ஓடிவந்தாள்.

"பஸ்ஸே கெடைக்கல சிஸ்டர். காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்புடல அவரு. எழுப்புனா எந்திரிக்க மாட்றாரு."

வைஜெயந்தி கட்டிலுக்கு ஓடினாள். அரசப்பன் உடம்பு தொப்பலாக நனைந்து சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் ஏதோ உளறினார். வெறும் வயிற்றில் போட்ட இன்சுலினில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸை நரம்பில் ஏற்றினாள். போயிடாதீங்கய்யா, போயிடாதீங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

அவர் ஒருவழியாகக் கண் திறந்தார். நடந்ததைத் தெய்வநாயகி சொல்லக் கேட்டுவிட்டு, "நான் ஆச்சுன்னு சொன்னதுதாம்மா தப்பு" என்றார். தகவல் தெரிந்து வந்து நின்ற சகாயமேரி அந்த வார்த்தையைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். வைஜெயந்தியைத் தன் அறைக்குக் கூட்டிப்போய், டாக்டர் பக்தவச்சலத்துக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பேஷண்ட் தப்பா சொல்லிட்டாரு டாக்டர். நம்ம மேல ஒண்ணும் இல்ல."

பேசாமல் நின்றால் போதும், வேலை தப்பிக்கும். வைஜெயந்திக்கு அந்த ஆசை வரத்தான் வந்தது. உயிர் பிழைத்தவர் தலையில் பழியையும் கட்டுவதா என்று நினைத்ததும் வெட்கமாக இருந்தது.

"இல்ல டாக்டர். அவரு மரியாதைக்குச் சொன்னாரு. என்ன சாப்டீங்கன்னு நான் கேட்டிருக்கணும், கேக்கல. காலையிலேர்ந்து ஒரு வாய் சாப்புடல, ஒரு நிமிஷம் உக்காரல. தலை வேல செய்யல. இப்டியே உட்டீங்கன்னா நாளைக்கும் இதேதான் நடக்கும்."

சகாயமேரியின் முகம் சுருங்கியது.

"அது இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் இங்க பேசிட்டிருக்கீங்களே, இப்ப வார்டுல யாரு?" என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சகாயமேரி சட்டென்று எழுந்தார்.

"நான் பாத்துக்கறேன். நீ இங்கயே உக்காந்து சாப்டு."

விறுவிறுவென்று வார்டுக்குப் போனார். அரசப்பன் விரலைப் பிடித்து மறுபடி சர்க்கரை பார்த்தார், பக்கத்துக் கட்டிலின் டிரிப்பைச் சரிசெய்தார். எல்லாம் பழகிய கை. திறந்திருந்த கதவு வழியாக வைஜெயந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து திறந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். ஆள் இருந்திருக்கிறது; காலையிலிருந்து இந்த நாற்காலியில்தான் இருந்திருக்கிறது.