ஆம்பியோனின் யாழும் என் வீட்டுக் கூரையும்

எங்கள் தீப்ஸ் நகரத்து மதிலை ஆம்பியோன் யாழ் வாசித்தே கட்டினார். அவர் மீட்ட மீட்ட, கற்கள் தாமாக உருண்டு வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. இதை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லை. கொத்தனாராகிய நான் மட்டும் கொஞ்சம் இருமிக்கொள்வேன்.

இந்தக் குளிர்கால மழையில் மேல்வரிசைக் கல் ஒன்று நழுவி, சரியாக மதிலடியில் இருக்கும் என் வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தது. சபையிடம் கயிறும் பன்னிரண்டு ஆட்களும் கேட்டேன். யாழிசைக்கும் நிகோனையும் சேர்த்தே அனுப்பினார்கள், தாராள மனசு.

நிகோன் உண்மையிலேயே உதவினான். பன்னிரண்டு பேர் அவரவர் மூச்சுக்கு இழுத்தால் கயிறுதான் ஆடும், கல் ஆடாது. மதில்மேல் நின்று அவன் யாழுக்கு ஒரே தாளத்தில் இழுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் கல் ஒரு விரல் பின்வாங்கும். அது மறுபடி சரியாதபடி உடனே அடியில் மர ஆப்பைச் செருகுவேன். இரண்டு நாளில் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் நாள் சபைப் பெரியவர் கபீசியாஸ் மதிலேறி வந்தார். கூர்ந்து கவனித்தார். யாழ் ஒலித்தால் கல் நகர்கிறது. யாழ் நின்றால் கல்லும் நிற்கிறது.

"அப்புறம் எதுக்குய்யா இத்தனை தடிப்பயலுங்க? போய் ஏர் பிடிங்கடா!"

"ஐயா, இழுக்கிறது அவங்கதானே..."

"ஆம்பியோன் ஆள் வச்சா இழுத்தாரு? ம்னாசோன், உனக்குக் கலைமேல நம்பிக்கையே இல்ல. அது என்ன கட்டை? கல்லு போற வழியில தடையா! எடு அதை."

"எடுத்தா என் வீட்டு மேல விழும்யா!"

"நிகோன் வாசிக்கறப்ப எப்படி விழும்?"

ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பெரியவரின் வேலையாள் ஆப்பைத் தட்டியெடுக்கச் சுத்தியலை எடுத்தான். நான் படியில் உருளாத குறையாக இறங்கி வீட்டுக்குள் பாய்ந்து மனைவியைக் கூப்பிட்டேன்.

"மிர்த்தோ, வெளிய வா!"

"மாவு பிசைஞ்சிட்டிருக்கேன்ல?"

"மாவோட வா!"

வாசலைத் தாண்டினோம். மேலே யாழ் இனிமையாகத் தொடங்கியது. கல் அசைந்தது, முதல் முறையாக யாரும் இழுக்காமலே. கூரை, பரண், அடுப்பு என்று எதையும் அது விட்டுவைக்கவில்லை.

தூசி அடங்கியதும் கபீசியாஸ் எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா, ஆளே இல்லாம நகர்ந்துச்சு! மெட்டுதான் கொஞ்சம் மாறிப்போச்சு. நிகோன் இன்னும் பழகணும்."

முழங்கை வரை பார்லி மாவோடு மிர்த்தோ நிமிர்ந்தாள். "பழகட்டும் பெரியவரே. உங்க வீடு எந்த மதில் ஓரம்?"

"என் வீடு... ஊர் நடுவுலம்மா."

"அதானே பாத்தேன்."