வேலிக்குள்ளே வாய்க்கரிசி

"இவன் போடக்கூடாது" என்று வீராசாமி அங்கமுத்துவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். பையன் கையிலிருந்த அரிசி பாடையருகே உதிர்ந்தது.

செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. பெரியதம்பியின் பாடையை முள்வேலிக் கேட்டுக்கு உட்புறமே இறக்கியிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி போகக்கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சட்டம் செத்தவன் வாயையும் விட்டுவைக்கவில்லை. இடுகாட்டில் ஆண்கள் போடவேண்டிய வாய்க்கரிசியை இங்கேயே, பெண்கள் கண்முன்னே போட்டார்கள். அதுவும் நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் தம்பி வீராசாமி ஆடும் இந்தக் கூத்து, பெற்றவள் ராமாத்தாளுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

"இவன்கூடப் போட்டி போட்டுத்தான் என் மருமகன் செத்தான்" என்றான் வீராசாமி.

பொய்யில்லை. நிறுவைக் கொட்டகையில், அதிக ரப்பர்ப் பால் கொண்டுவந்தவன் பெயரை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பலகையில் எழுதுவார். அவ்வளவுதான் பரிசு. அந்தப் பெயருக்காக, எழுப்பி எழுப்பித் தாய் அலுத்துப்போன சோம்பேறி பெரியதம்பி, கேட் திறக்குமுன்னே வாளியோடு போய் நின்றான். மரம் காயப்படாமல் பட்டையைச் சீவிப் பால் வெட்டப் படித்தான். ராமாத்தாள் திட்டித் தீர்த்தும் நடக்காததைப் பக்கத்து நிரையில், அடுத்த மரவரிசையில், பால் வெட்டிய அங்கமுத்து நடத்திக் காட்டினான். கடைசியில் பெரியதம்பி காய்ச்சலையும் மறைத்தான், பாவி. டிரஸ்சருக்குத் தெரிந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார், பலகை அங்கமுத்துவுக்குப் போய்விடும். நிரையிலேயே சுருண்டு விழுந்தவனைத் தூக்கிவந்தார்கள். பிறகு கண் திறக்கவேயில்லை.

"காய்ச்சல்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள் ராமாத்தாள்.

"தெரியும் அத்தை" என்றான் அங்கமுத்து. "டிரஸ்சர்கிட்ட சொல்லத்தான் போனேன். பலகைக்காக மாட்டிவுடுறேன்னு நெனைச்சுக்குவேன், இனிமே மூஞ்சியிலே முழிக்காதேன்னுட்டான் லா. பாதியிலயே திரும்பிட்டேன்."

அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவளுக்கு. அந்தப் பாழாய்ப்போன பலகையைப் பிளந்து அடுப்பில் வைக்கலாம் போலவும் இருந்தது.

"சொல்லியிருக்கணும்டா. மூஞ்சியிலே முழிக்காட்டி என்ன, உசிரோட இருந்திருப்பான்."



"கேட்டியாக்கா?" என்றான் வீராசாமி. "வயசுப் பசங்களுக்குப் போட்டி ஆவாதுன்னு அப்பவே சொன்னேன்."

"சொன்னே. சொல்லிட்டு அவனைச் சீட்டாடக் கூட்டிட்டுப் போனே. போட்டி வந்தப்புறந்தான்டா என் மவன் தலைநிமிந்து நடந்தான். அதுதான் அவனைத் தின்னுச்சு, இல்லைங்கல. கையை விடு."

"ஊரு என்ன பேசும்?"

"ஊரா பெத்துச்சு? விடு."

வீராசாமி விட்டான். அவளே தட்டிலிருந்து அள்ளி அங்கமுத்துவின் கையில் வைத்தாள். அவன் குனிந்து போட்டான். தோள் குலுங்கியது.

"அழுதது போதும். முன்னால வந்து தோள் குடு."

காவல்காரன் கேட்டைத் திறந்தான். பாடை வெளியேறியது. அங்கமுத்துவுக்குப் பழகிய வேகநடை, பின்னால் தூக்கியவர்கள் தடுமாறினார்கள்.

"மெதுவா போ லா" என்றது ஒரு குரல்.

ராமாத்தாள் முள்வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்: "அவன் போற வேகத்துக்கு நீங்க போங்க. மெதுவாப் போனா எம்மவனுக்குப் புடிக்காது."

மற்ற மூவரும் நடையை எட்டிப்போட்டார்கள். பாடை ரப்பர் மரங்களுக்கிடையே இறங்கி, சாலை வளைவில் திரும்பியது.