ஆடி மாதக் கூடாரம்

ஆடி பிறந்ததும் புதுப்பெண் தேவிப்ரியாவை அவள் அப்பா சின்னசேலத்துக்கு அழைத்துப் போனார். மாதம் முடியும்வரை அவளைப் போய்ப் பார்க்கக்கூடாது என்று சுபாஷிடம் அவன் அம்மா ஜெயசுதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கள்ளக்குறிச்சியில் தனியாக விடப்பட்ட சுபாஷ், அன்றே தன் கம்ப்யூட்டர் விளையாட்டில் மனைவியையும் சேர்த்துக்கொண்டான். அதில் அவன் வில்லாளி, அவள் சூனியக்காரி. இருவரும் அவரவர் வீட்டிலிருந்தபடியே பனிமலையெங்கும் ஒன்றாகத் திரிந்தார்கள்.

ஞாயிறு மதியம் ஒரு பாழடைந்த கோட்டை எதிர்ப்பட்டது.

“இந்தக் கோட்டை ராணி எதுக்கு மாமா ராஜாவ வுட்டுட்டுப் போனா?” என்றாள் தேவிப்ரியா.

“டிராகன் சாபம்னு கல்வெட்டுல போட்டுக்கீது,” என்றான் சுபாஷ்.

“சாபமாவது! ஆடி மாசமா இருக்கும். மாமியார் அனுப்பியிருப்பாங்க.”

அவள் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று ஒலித்தது. ஜெயசுதா உள்ளே வந்தாள்.

“இன்னாடா இது? என் மருமவ குரலு!”

“அவளும் வெளையாடுறாம்மா. இதெல்லாம் வெறும் பொம்மைங்க.”

ஜெயசுதா திரையை உற்றுப் பார்த்தாள். வில்லாளியும் சூனியக்காரியும் களைப்பாற ஒரே கூடாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.

“டேய்! ஆடியில ஒரே கூடாரமா? பொம்மையா இருந்தாலும் தனித்தனியா படுக்கச் சொல்லு!”

“இன்னொரு கூடாரம் கட்ட ரெண்டு கரடித் தோல் வேணும் அத்தை,” என்றாள் தேவிப்ரியா பணிவாக. “கரடியத் தேடிக் கண்டுபுடிக்கணும்.”

“அப்போ சேந்து போய்த் தேடுங்க!”

அந்த இரண்டு கரடிகளும் அவர்களுக்கு ஆடி கடைசி நாள்வரை அகப்படவே இல்லை.