இரண்டு கர்னல்களும் ஒரு ஜெனரேட்டரும்

நிலநடுக்கத்தில் ஊர் ஆஸ்பத்திரி தரைமட்டமானதும் உலகமே உதவிக்கு ஓடி வந்தது. வந்த வேகத்தில் முதலில் நட்டது கொடிக்கம்பத்தைத்தான்.

கால்பந்து மைதானத்தின் ஒரு பாதியில் ஒரு நாட்டு ராணுவம் ஆபரேஷன் கூடாரம் போட்டது. அவர்களுடைய ஜெனரேட்டர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. மறுபாதியில் இன்னொரு நாட்டு ராணுவம், ஒரு தெருவுக்கே வெளிச்சம் கொடுக்கும் ஜெனரேட்டரை இறக்கியது. அவர்களுடைய டாக்டர்கள் இன்னும் விமானமே ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளைக்கோடுதான். ஆனால் ஒயர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.

ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவளை அதிகாரிகள் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு நாட்டு மொழியும் அவளுக்குத் தெரியும். காலையில் அவளுடைய கணவன் தன் தங்கையை ஒரு கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கி வந்தான். விடியற்காலை மறுபடி வந்த அதிர்வில் தூண் விழுந்து தங்கையின் பாதம் நசுங்கியிருந்தது.

"அண்ணி, எப்ப உள்ள கூப்பிடுவாங்க?"

"கரண்ட் வரட்டும்மா."

"அதான் அங்க ஓடுதே, சத்தம் கேக்குதே?"

ஓடியது உண்மைதான். ஜெனரேட்டர்காரக் கர்னலின் ஏ.சி.க்காக.

அந்தக் கர்னலுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மீசை. மொழிபெயர்ப்பாளர் போய்க் கரண்ட் கேட்டதற்கு அவர் விறைப்பாகச் சொன்னார்: "அவங்க கர்னல் நேர்ல வந்து கேக்கட்டும்." ஆபரேஷன் கூடாரத்துக் கர்னல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை; அதனால் அவர் பெயர் கண்ணாடி. அவர் சொன்னார்: "நாங்க கேட்டா, வெறுங்கையோட வந்தோம்னு ஆயிடும். அவர்தான் கொடுக்கணும்." அவருடைய டாக்டரம்மா கையுறை மாட்டியபடி வாசலிலேயே நின்றாள். கருவிகளைச் சுத்தம் செய்யவும் மின்சாரம் இல்லை. ஒயர் இழுக்க மேலே இருந்து உத்தரவு வர வேண்டுமாம். மேலே என்றால் ஆகாயமா என்று கணவன் கேட்டான்.

மதியம் நாத்தனார் முனகுவதை நிறுத்திவிட்டாள். மொழிபெயர்ப்பாளர் நேராகப் போய் இரண்டு பேரையும் வெள்ளைக்கோட்டுக்கு இழுத்து வந்தாள்.

மீசை சொன்னது: "என்ன, கெஞ்ச வந்துட்டாரா?"

அவள் கண்ணாடியிடம் சொன்னது: "உங்க டாக்டர்கள் மாதிரி உலகத்துல இல்லையாம். அவங்களுக்கு விளக்குப் பிடிக்கறதே எங்களுக்குப் பெருமைங்கறார்."

கண்ணாடி சொன்னது: "பரவாயில்லையே, இந்தாளுக்கு இப்பவாவது புத்தி வந்துச்சே."

அவள் மீசையிடம் சொன்னது: "நீங்க இல்லாம எங்களால ஆகவே ஆகாதுங்கறார். கையெடுத்துக் கும்பிடறாராம்."

இரண்டு பேருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. கை குலுக்கினார்கள். போட்டோ எடுக்க ஆள் வரும்வரை குலுக்கிக்கொண்டே நின்றார்கள். அதன் பிறகுதான் ஒயர் கோட்டைத் தாண்டியது.

அன்று பொழுது சாய்வதற்குள் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். நாத்தனாரும் பிழைத்தாள். ஆனால் பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று. "காலையில வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. காலையிலேயே வந்துவிட்டோம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னதும், டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கூட்டத்தில் வெட்கப்பட்டது அவள் ஒருத்திதான்.

ராணுவங்கள் கிளம்பும் நாளில் பாராட்டு விழா. மந்திரி பதக்கம் குத்தினார். மீசை மைக்கைப் பிடித்து, "வந்திறங்கிய நிமிஷத்திலிருந்து இரண்டு ராணுவமும் ஒரே கையாக உழைத்தோம்" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னாள்: "யாரு பெரியவன்னு ஒரு காலைப் பொழுது பூரா வீம்பு பிடிச்சு உக்காந்திருந்தோம். அதுல என் நாத்தனார் கால் போச்சுங்கறார்."

கூட்டத்தில் யாரோ காறித் துப்பினார்கள். பின்வரிசையில் ஒருவன் எகத்தாளமாகக் கைதட்ட, மைதானமே அதைப் பிடித்துக்கொண்டது. கர்னல்கள் புல்லரித்துப் போய் சல்யூட் அடித்தார்கள். மந்திரிக்கு மட்டும் முகம் வெளிறியது. அவளை அப்போதே மேடையை விட்டு இறக்கினார்கள்.

வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லா கேட்டீங்க அண்ணி. ஆனா அவனுங்களுக்குப் புரியற பாஷையில சொல்லியிருக்கலாம்."

மொழிபெயர்ப்பாளர் நாத்தனாரின் தலையணையைச் சரிசெய்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.