ஓட்டம் மூத்தவனுக்கு, கேடு இளையவனுக்கு

தடிக்காரன்கோணத்தில் இருந்த ரசலையனின் காரிலிருந்து ஒழுகிய எஞ்சின் எண்ணெய், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இறச்சகுளத்தில் அவருடைய தம்பி ஜான்ரோஸின் அடுக்களைத் தரையில் விழுந்தது. வண்டி ஓடாத நாளில் ஏழெட்டுச் சொட்டு, ஓடிய நாளில் ஒரு சிரட்டை. ஜான்ரோஸின் மனைவி நேசபாய் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒழுகுவது எதுவானாலும் அளந்து எழுதுவது அவளுக்குப் பழக்கம். முதல் மாதம் துணி போட்டுத் துடைத்தாள். இரண்டாம் மாதம் ஒரு ஸ்டீல் கிண்ணத்தை வைத்து, அதில் சேர்வதைக் காலையும் மாலையும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தாள். கூரையில் ஓட்டை இல்லை, மேலே மாடியும் இல்லை. எண்ணெய் தரைக்கு ஒரு சாண் மேலே வெறும் காற்றிலிருந்து விழுந்தது.

காரணம் ரகசியமில்லை. சகோதரர்களின் தகப்பனார் கபிரியேல் முப்பது வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு, தொண்ணூற்றேழாம் வருஷத்து வண்டி ஒன்றைக் கப்பலில் கொச்சிக்குக் கொண்டுவந்து இறக்கினார். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின், இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று சிசி. அவர் இறந்தபோது வயலையும் ரப்பரையும் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் பிரித்துக்கொண்டார்கள். காருக்கு மட்டும் பதினான்கு மாதம் சண்டை போட்டார்கள். கடைசியில் காரை ரசலையன் எடுத்துக்கொள்வதென்று முடிவான பிறகும் அவருக்குத் திருப்தி வரவில்லை. பத்து வருஷம் வண்டியை ஓட்டிய தம்பி அதைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டான், அந்த எஞ்சினில் நல்லதென்று சொல்ல ஒரு ஆணி கிடையாது, கெடுத்தவன்தான் கேட்டைச் சுமக்க வேண்டும் என்று பதிவு அலுவலக வராந்தாவில் நின்று பத்துப் பேர் கேட்கக் கத்தினார். ஜான்ரோஸுக்கு மூக்கு நுனியில் கோபம்.

“எழுதும் ஓய்,” என்றார் பத்திரம் எழுதுகிறவரிடம். “அதுக்க கேடெல்லாம் எனக்கே இருக்கட்டு. இவன் ஓட்டிக் கிழிக்கட்டு.”

நேசபாய் கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். அவர் கையை உதறிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ‘மேற்படி வாகனமும் அதன் ஓட்டமும் ஒன்றாம் நபருக்கும், அதன் எஞ்சினிலுள்ள சகல பழுதும் குற்றங்குறையும் இரண்டாம் நபருக்கும் பாத்தியம்’ என்று பாகப்பத்திரம் முத்திரையோடு பதிவானது. பதிவானதைப் பதிவானபடியே நடத்தியது அந்த எஞ்சின். அன்று முதல் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே சர்ச்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

கிண்ணத்து எண்ணெயை நேசபாய் வடசேரியில் பட்டறை வைத்திருக்கும் முருகதாஸிடம் கொண்டுபோய்க் காட்டினாள். கபிரியேல் காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்த்தவன் அவன்தான். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, அந்த வண்டியினுடையதுதான் என்றான். பிறகு கேட்காமலே அதன் ஜாதகத்தைச் சொன்னான். இருபத்து நான்கு வால்வு, நூற்றுத் தொண்ணூற்று மூன்று குதிரைச் சக்தி, ஆறரை லிட்டர் எண்ணெய் பிடிக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும், பார்க்காவிட்டால் ஆளைக் கொல்லும். மேல் மூடியின் ரப்பர் காய்ந்து எண்ணெய் கசியும். பொறி கொடுக்க சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு காயில் உண்டு, ஒவ்வொன்றாகச் சாகும். எல்லாவற்றிலும் மோசம் அதன் தண்ணீர்ச் சமாச்சாரம்: பம்பின் உள்சக்கரமும் தண்ணீர் டப்பாவும் பிளாஸ்டிக், சொல்லாமல் கொள்ளாமல் உடையும். உடைந்தால் சூடு ஏறி, சிலிண்டர்களை மூடியிருக்கும் அலுமினிய ஹெட் வளைந்துபோகும். அதோடு எஞ்சின் தீர்ந்தது என்றான். இதில் இன்னும் எதெல்லாம் தன் வீட்டுக்கு வரப்போகிறது என்று நேசபாய் கணக்குப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள்.

அடுத்து வந்தது காயில். மூன்றாம் சிலிண்டரின் காயில் செத்த வாரத்தில் ஜான்ரோஸின் பேச்சில் ஆறு வார்த்தைக்கு ஒரு வார்த்தை விழாமல் போயிற்று. வாய் அசையும், சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை அவர் வேதபாடம் வாசித்தபோது சபையார் விட்டுப்போன வார்த்தைகளைத் தாங்களே முணுமுணுத்து நிரப்பிக்கொண்டார்கள். எதிர் ஓரத்தில் இருந்த ரசலையன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் வண்டி ஏன் ஆறு சிலிண்டரிலும் பட்டுப்போல ஓடுகிறது, அதன் அடியில் ஏன் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை என்று அவருக்கு அன்று விளங்கிற்று.

மனிதனென்றால் வெட்கப்பட்டிருப்பான். ரசலையன் அன்றோடு வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதை நிறுத்தினார். ஆறு மாதம் கழித்து, பங்குனி வெயிலில் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்து வாழைக்குப் பாயவிட்டார். பிறகு தினமும் பதினொன்றரை மணிக்குத் தடிக்காரன்கோணத்திலிருந்து கீரிப்பாறைக்கு இரண்டாம் கியரில் மலையேறினார். அங்கே இருப்பது அரசாங்க ரப்பர். அவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மேலே போய், கண்ணாடியில் தலை சீவிக்கொண்டு, இறங்கி வருவார். சூடு காட்டும் ஊசி நட்ட நடுவில் நிற்கும், எஞ்சின் மூடியில் கை வைக்கலாம்.

ஜெப்சிக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது அப்போதுதான். ஜான்ரோஸுக்கும் நேசபாய்க்கும் ஒரே மகள், பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு நூற்று ஒன்று, பன்னிரண்டே காலுக்கு நூற்று நான்கு, இரண்டு மணிக்கு ஒன்றுமில்லை. ரத்தத்தில் மலேரியா இல்லை, டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை. இரண்டு பரீட்சைகளை ஈரத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு எழுதினாள். மூன்றாவதில் வலிப்பு வந்து பெஞ்சிலிருந்து விழுந்தாள். நேசபாயோடு வேலை பார்க்கும் சபிதா தடிக்காரன்கோணத்துக்காரி. சார்ட்டில் இருந்த நேரங்களைப் பார்த்ததும் அவள், இது உங்கள் அத்தான் ரசலையன் மலையேறுகிற நேரமாயிற்றே என்று சாதாரணமாகச் சொன்னாள். நேசபாய் அந்தச் சார்ட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ரசலையனின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் போலிருந்தது.

இருந்தும் முதலில் கெஞ்சத்தான் போனாள். கார் ஷெட்டின் முன்னால் நின்று சார்ட்டை விரித்துக் காட்டி, இன்னொரு வலிப்பு வந்தால் பிள்ளை தாங்கமாட்டாள் என்றாள். ரசலையன் சார்ட்டைக் கையில் வாங்கவேயில்லை.

“வண்டி எனக்க வண்டி. ரோடு கெவர்மெண்டுக்க ரோடு. நான் ஏறுவேன், எறங்குவேன். கேடு வேணும்னு எழுதி வாங்கினது உனக்க மாப்பிள்ளதானே?”

எழுதி வாங்கியது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நேசபாய் வீட்டுக்கு வந்தாள். பாகப்பத்திரத்தை எடுத்து, மருந்துச் சீட்டைப் படிக்கிற கவனத்தோடு மூன்று தடவை படித்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முருகதாஸையும் இரண்டு ஆட்களையும் கனம் தூக்கும் ஒரு செயின் பிளாக்கையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு ரசலையன் வீட்டு வாசலில் இறங்கினாள்.

“அத்தான், நான் உங்க வண்டியக் கேட்டு வரல்ல. எனக்க சொத்த எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்.”

ரசலையன் தன் பிரதியைக் கொண்டுவந்து படித்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். கேடு போய்விட்டால் வண்டி புதிதாகிவிடும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது. கேடு உள்ளதை மட்டும்தான் எடுக்க வேண்டும், நல்லதில் கை வைத்தால் வெட்டுவேன் என்று ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முருகதாஸ் ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கண்ணெதிரே காட்டினான். மூடியின் ரப்பர் முறுக்குப்போல ஒடிந்தது. ஆறு காயிலில் ஒன்று செத்தது, மற்ற ஐந்தும் வெடித்தவை. பம்பின் சக்கரத்தில் பாதி இல்லை. தண்ணீர் டப்பாவில் முடி கனத்தில் கீறல். ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. எஞ்சின் பிளாக்கில் போல்ட் பிடிக்கும் மரையெல்லாம் அலுமினியத் தூளாகக் கையோடு வந்தது. இது நல்லதுதானே என்று ரசலையன் சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், பதிவு அலுவலக வராந்தாவில் அவர் கத்தியதைக் கேட்டவர்கள் கூட்டத்திலிருந்து ‘நல்லதென்று சொல்ல ஒரு ஆணி கிடையாது’ என்று எடுத்துக் கொடுத்தார்கள். மூன்று மணிக்கு முருகதாஸ் கையைத் துடைத்துக்கொண்டு, “அக்கா, இதில விட்டுட்டுப் போகதுக்கு ஒண்ணுமே இல்ல,” என்றான். எஞ்சினை மொத்தமாகத் தூக்கி டெம்போவில் வைத்தார்கள்.

ரசலையன் கொதித்துப்போய்க் காரில் ஏறி, காலியாகக் கிடந்த வண்டியின் சாவியைத் திருப்பினார். வண்டி ஓடிற்று. பெட்ரோல் இல்லை, சத்தமில்லை, முன்மூடிக்குள் தரை தெரிந்தது. ஓட்டம் அவருக்கென்று எழுதியிருந்ததால் ஓட்டம் அவரிடமே இருந்தது. கூட்டம் கையைத் தட்டியது. டெம்போவின் முன்சீட்டில் இருந்த நேசபாய் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஜெப்சிக்கு மாத்திரை கொடுக்கிற நேரம்.

எஞ்சின் இப்போது இறச்சகுளம் வீட்டின் பின்னால் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. கேடு முழுக்க ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதால் அது வீட்டுக்குள் வருவதில்லை. அடுக்களைத் தரை காய்ந்துவிட்டது, ஜான்ரோஸின் பேச்சில் ஒரு வார்த்தையும் குறையவில்லை. பொறாமையில் அவர், பெட்ரோல் செலவே இல்லாத காரை அண்ணனுக்கு விட்டுவிட்டு இரும்பைத் தூக்கி வந்தாயே என்று மனைவியைத் திட்டிய நாட்கள் உண்டு. விட்டுப்போன பரீட்சையை ஜெப்சி ஜூனில் எழுதினாள். இப்போது நாகர்கோவிலில் காலேஜில் படிக்கிறாள்.

ரசலையனின் வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போனபோது, குழாயில் கருவியைச் செருகியவர் பூஜ்யம் காட்டுகிறதென்று மூன்று தடவை செருகிப் பார்த்தார், பிறகு பூஜ்யத்தையே அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு வருஷமாக வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. ரசலையன் தினமும் பதினொன்றரைக்கு இரண்டாம் கியரில் கீரிப்பாறைக்கு ஏறுகிறார். எதிரே வருகிற எஸ்டேட் பஸ் ஒதுங்கி வழிவிடுகிறது. இறங்கி வந்ததும் ஜங்ஷனில் வண்டியை நிறுத்தி, இறச்சகுளம் பக்கமிருந்து வருகிறவர்களிடம் ஜான்ரோஸுக்க மகளுக்குக் காய்ச்சல் ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறார். பெரியப்பாவின் அக்கறை என்று நினைத்து அவர்களும், பிள்ளை சுகமாக இருக்கிறாள், காலையில் பஸ்ஸில் பார்த்தோம் என்று சொல்கிறார்கள். மறுநாள் அவர் மறுபடியும் ஏறுகிறார்.