மஞ்சள் கட்டு

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. நாற்பதைத் தாண்டி, நரைக்குச் சாயம் பூச ஆரம்பித்த பிறகும் பாப்பாதான். ஆலைக்குள் நுழைந்தால் மட்டும் முதலாளியம்மா. காயத்துக்குக் கட்டும் துணியை நெய்து, வெளுத்து, வெட்டி, உறையில் போட்டு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஆலை அது. அப்பா காலத்திலிருந்து ஒரே துணி, ஒரே வெள்ளை. நம் சரக்கைப் பார்த்து யாரும் ஆகா என்று சொன்னதில்லையே என்பது அவளுடைய நெடுநாள் குறை.

அவள் அண்ணன் மனைவிக்கு வேறொரு குறை. அண்ணி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத நானோ துகளாக்கித் துணியில் ஏற்றினால், தீக்காயத்தில் கிருமி அண்டாது, கட்டைத் தினமும் பிரிக்கவும் வேண்டாம் என்று அவள் கண்டுபிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. கட்டுரை வெளிவந்தது, மேடையில் கைதட்டினார்கள், மாலையோடு போட்டோ எடுத்தார்கள். கட்டு மட்டும் யாருடைய புண்ணிலும் ஏறவில்லை. நாள் முழுக்க நின்றாலும் ஒரு குடுவைதான் வரும். அது கைக்குட்டை அளவுத் துணிக்கே சரியாகப் போய்விடும்.

"உங்க கஷாயத்தை என் தொட்டியில காய்ச்சிப் பார்ப்போமா அண்ணி?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது பாப்பா கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அண்ணி ஈரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாவா சொல்ற?" என்றாள்.

அனுமதிகளுக்கு அலைந்ததிலேயே ஒரு மழைக்காலம் போய்விட்டது. கடைசியில், பெரிய மருத்துவமனையின் தீக்காய வார்டில் சோதித்துப் பார்க்கச் சம்மதம் கிடைத்தது. "முதல் பெட்டி அடுத்த மாசம் உங்க கையில" என்று வார்டு சிஸ்டருக்குப் பாப்பா வாக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணி அவள் முழங்கையைக் கிள்ளியது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில், தண்ணீர் போலத் தெளிந்திருக்கும் வெள்ளிக் கரைசலில் இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது மெல்ல மஞ்சளாகித் தேன் நிறத்துக்கு வந்து நிற்கும். துகள்கள் சரியான அளவில் வந்திருப்பதற்கு அந்த நிறமே அடையாளம். தொட்டியில் ஊற்றிய அன்றும் மஞ்சள் வந்தது. சுற்றி நின்ற ஆலைக்காரர்கள் கைதட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் மஞ்சள் மங்கியது, பழுப்பானது, பிறகு துணி துவைத்த தண்ணீர் மாதிரி சாம்பலாகிப் போனது.

தொட்டியைக் கலக்கும் மோட்டாரை வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் சாம்பல்தான்.

"வெள்ளி வெள்ளிதானே அண்ணி? நிறம் மாறினா என்ன? அனுப்பிடலாமே" என்றாள் பாப்பா.

"வெள்ளிதான். ஆனா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடுச்சு. கிருமி பக்கத்துல வந்தாலும் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். இதைப் புண்ணுல வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்."

"உங்க குடுவையில வருது, என் தொட்டியில வரல. அப்போ என் ஆலை சரியில்ல, அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது."

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசவில்லை. பேச வேண்டியதெல்லாம் அண்ணன் வழியாகப் போய் வந்தது. "தொட்டியைக் கழுவிடலாமான்னு அவங்ககிட்ட கேளுண்ணா." "கழுவச் சொல்லுங்க உங்க தங்கச்சியை." இரண்டு நாள் தாங்கினார் மனிதர். மூன்றாம் நாள், "நான் என்ன தபால்காரனா? ஒருத்தி என் பொண்டாட்டி, ஒருத்தி என் கூடப்பிறந்தவ. யாருக்கு நியாயம் சொன்னாலும் எனக்குச் சோறு கிடையாது. ஆளை விடுங்க!" என்று போனை அணைத்து வைத்துவிட்டார்.

தாமதத்தைச் சொல்ல அண்ணி தனியாகத்தான் வார்டுக்குப் போனாள். அப்போது சிஸ்டர் ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அடுப்பு வெடித்து இரண்டு கையும் வெந்துபோனவர். துணி புதுத்தோலோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் விட்டு விட்டு, நூல் நூலாகப் பிரித்தார் சிஸ்டர். அந்த ஆள் கத்தவில்லை. கட்டிலின் கம்பியில் காலை முட்டுக்கொடுத்துக்கொண்டு கூரையையே பார்த்திருந்தார். இத்தனை வருட ஆராய்ச்சியில், கட்டுப் பிரிப்பதை அண்ணி இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

"லேட்டாகும் சிஸ்டர். தயாரிப்பு சரியா வரல" என்றாள்.

"லேட்டா வரட்டும். சரியில்லாததைக் கொண்டு வராம, வந்து நேர்ல சொன்னீங்க பாருங்க, அது போதும்" என்ற சிஸ்டர், அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆலைக்கு வந்து, "சிவப்புச் சாயம் கொஞ்சம் இருக்கா? தொட்டியில எப்படிக் கலக்குதுன்னு கண்ணால பார்க்கணும்" என்று பாப்பாவிடமே கேட்டாள். கோபத்தை எங்கே விட்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

தொட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பி, கலக்கும் துடுப்பைச் சுழலவிட்டு, பெட்டியில் முத்திரை குத்த வைத்திருந்த சாயத்தை ஊற்றினார்கள். ஊற்றிய இடத்தில் ரத்தச் சிவப்பு. எதிர் மூலைக்கு அது போய்ச் சேர நெடுநேரமானது.

"பார்த்தியா? குடுவையில கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கலந்துடும். இங்க ஒரு பக்கம் விருந்து, இன்னொரு பக்கம் பட்டினி. ஒரு துகள் குண்டாகுது, ஒண்ணு இன்னும் பிறக்கவே இல்ல. தப்பு உன் தொட்டியில இல்ல. பெரிய குடுவை வேணும்னு நினைச்சேனே, அந்த நினைப்புலதான் தப்பு. பெரிசு பண்ணவே கூடாது. சின்னதாவே இருக்கணும், ஆனா நிக்காம ஓடணும்."

"எப்படி ஓடும்?"

"ரெண்டு மெல்லிசு குழாய். ஒண்ணுல வெள்ளிக் கரைசல், இன்னொண்ணுல மத்தது. ரெண்டும் ஒரு இடத்துல சந்திச்சு, ஒரே குழாயாப் போகணும். சந்திக்கிற இடத்துலயே கலந்துடும்."

பாப்பா நெற்றியைச் சுருக்கினாள். "ஒரு குழாய்ல எவ்வளவு வரும்? பத்து இருபதைப் பக்கத்துல பக்கத்துல போட்டுடலாம். ஆனா உள்ள வெள்ளி படிஞ்சு அடைச்சுக்கிச்சுன்னா?"

அண்ணி அதை யோசிக்கவில்லை. குடுவையைக் கழுவிக் கவிழ்த்துப் பழகியவளுக்குக் குழாய் அடைக்கும் என்று தோன்றவில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் தனி வால்வு வைப்போம்" என்றாள் பாப்பா. "ஒண்ணை மூடி அமிலத்துல கழுவும்போது மத்தது ஓடட்டும். வெளுக்கிற பிரிவுல மருந்து அளந்து விடுற பம்பு இருக்கு, அதையே கழட்டிக்கலாம்."

குழாய்கள் வந்து, கசிந்து, மாற்றி, மறுபடி கசிந்து, ஒரு காலை வேளையில் தேன் நிறம் ஓடிவந்து பாத்திரத்தில் விழுந்தது. அரை மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. பாப்பா அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அண்ணி குதிக்கவில்லை.

"நாளைக்கும் இதே மாதிரி வரணும்" என்றாள்.

"உங்களுக்குச் சந்தோஷப்படவே தெரியாதா?"

"நாளைக்கும் வந்தா படுறேன்."

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த வாரமும், மின்சாரம் போய் வந்த பிறகும், வேறு ஆட்கள் பம்பைத் திறந்தபோதும் வந்தது. ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியில் பார்த்தால், முதல் நாள் துகளும் கடைசி நாள் துகளும் ஒன்றுபோல இருந்தன. அன்றைக்குத்தான் அண்ணி ஆலை வாசற்படியில் உட்கார்ந்து, காரணமே சொல்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்தக் கரைசலில் நனைத்து மஞ்சளான துணியின் முதல் பெட்டி வார்டுக்குப் போனபோது ரொட்டிக்கடைக்காரர் குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார். அவர் கட்டிலில் இப்போது ஒரு தையல்காரப் பெண் இருந்தாள். கொதிநீர் பட்ட தோள். மஞ்சள் கட்டைக் கட்டிவிட்டு, சில நாள் கழித்துப் பிரிக்கும்போது இவர்கள் இருவரையும் வரச்சொல்லியிருந்தார் சிஸ்டர். தன் ஆலைத் துணி ஒரு உடம்பிலிருந்து பிரிவதைப் பாப்பா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அண்ணியின் விரல்களை நெரித்துக்கொண்டு நின்றாள்.

கட்டு ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் தோல் இளஞ்சிவப்பாக, சீழ் இல்லாமல் இருந்தது.

"பிரிங்க சிஸ்டர், நான் தயாரா இருக்கேன்" என்றாள் தையல்காரி, கண்ணை இறுக மூடியபடி.

"பிரிச்சாச்சும்மா."

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

கையைக் கழுவிக்கொண்டே சிஸ்டர், "பிள்ளைங்களுக்கு விரல் அளவுல கிடைக்குமா? பக்கத்து வார்டுல ரொம்ப வேணும்" என்றார்.

"கிடைக்கும்!" என்றாள் பாப்பா.

"சோதிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றாள் அண்ணி, அதே நேரத்தில்.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு பேரும் வாங்க. பிள்ளைங்க கை எவ்வளவு சின்னதுன்னு முதல்ல பாருங்க" என்று சொல்லி, முன்னால் நடந்தார்.